செல்ஃப் எடுக்காத காருக்கு 200 ரூபாய் மீட்டர் போதுமா? டிடி-830டி மல்டிமீட்டர் ரிவ்யூ

சென்னை ரிச்சி தெருவில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் எடுத்து நீட்டுவது வோல்ட், கரன்ட், தடை மூன்றையும் அளக்கும் இந்த மீட்டரைத்தான். மஞ்சளிலும் கறுப்பிலும் வரும். பெட்டியில் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சமாச்சாரம். விலை 200 ரூபாய்க்கு முன்னே பின்னே. எலக்ட்ரானிக்ஸ் பழகும் மாணவர்களுக்கென்று விற்கப்படும் இதை கார் டிக்கியில் போட்டு வைப்பதால் பிரயோஜனம் உண்டா?

நிச்சயம் உண்டு. செல்ஃப் எடுக்காமல் நிற்கும் காரில் கோளாறு பேட்டரியிலா, கேபிளிலா, செல்ஃப் மோட்டாரிலா என்று பிரித்துக் காட்ட இது போதும். சாவியைத் திருப்பியதும் "டக்" என்று ஒரு சத்தம் வந்து நின்றால் உடனே "பேட்டரி போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது பேட்டரி போட்ட பிறகும் அதே "டக்" வரும் கார்கள் ஏராளம். அளந்து பார்க்காமல் பேட்டரி மாற்றாதீர்கள் என்பதற்காகவே இந்த ரிவ்யூ. அதே சமயம் மீட்டரின் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் தொட்டால் கெட்ட பேட்டரியையே நல்லது என்று காட்டிவிடும்.

மீட்டரில் மூன்று துளைகள் இருக்கும். கறுப்பு வயர் எப்போதும் "காம்" துளையில். சிவப்பு வயர் நடுவில் உள்ள வோல்ட்-ஓம் துளையில். மூன்றாவது 10 ஆம்பியர் துளை. அதைப் பிறகு பார்ப்போம், இப்போதைக்கு அதில் எதையும் சொருக வேண்டாம். திருகு சுவிட்சை டிசி வோல்ட்டில் 20 என்ற இடத்துக்குத் திருப்பினால் கார் வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடும். அந்த ரேஞ்சில் 0.01 வோல்ட் வரை காட்டும். இதன் துல்லியம் பொதுவாக அரை சதவீதம், அதோடு கடைசி இலக்கத்தில் 2 கூடக் குறைய. அதாவது 12.60 என்று காட்டினால் உண்மையில் 12.52 முதல் 12.68 வரை எங்கேயும் இருக்கலாம். கார் பேட்டரியை எடைபோட இது தாராளம்.

ஆனால் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்க ஆரம்பித்ததும் இந்த மீட்டர் கூட்டிக் காட்டும். 12.1 வோல்ட் பேட்டரியை 12.8 என்று காட்டினால் "பேட்டரி நல்லாத்தானே இருக்கு" என்று செல்ஃப் மோட்டாரைக் கழற்றப் போய்விடுவோம். திரையின் மூலையில் பேட்டரி படம் தெரிந்தால் அந்த அளவை நம்பவே வேண்டாம். தானாக அணையும் வசதியும் இதில் கிடையாது. ஆஃப் செய்ய மறந்து டிக்கியில் போட்டால் வேண்டிய நேரத்தில் செத்துக் கிடக்கும். மீட்டரின் பேட்டரியைத் தனியே கழற்றி வைத்துவிடுவது நல்லது. எடுக்கும்போதெல்லாம் முதலில் ஒரு புது அல்கலைன் பென்சில் செல்லை அளந்து பாருங்கள். 1.55 முதல் 1.65 வரை காட்டினால் மீட்டர் நிதானத்தில் இருக்கிறது.

பேட்டரியை அளப்பது

வண்டி ராத்திரி முழுக்க நின்றிருந்தால் காலையில் சாவி போடுவதற்கு முன் அளக்க வேண்டும். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 வந்தால் கால் பங்குதான் மிச்சம். 11.8க்குக் கீழே போனால் காலி. 10.5 சுற்றிக் காட்டி, சார்ஜ் போட்ட பிறகும் அங்கேயே நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், அது அப்படியே குறைகிறது. அந்த பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

இப்போதுதான் ஓட்டி வந்து நிறுத்திய வண்டி என்றால் இந்தக் கணக்கு செல்லாது. தகடுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ் 12.8, 13 என்று காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து அளந்தால் ஓரளவு உண்மை தெரியும்.

12.6 காட்டுகிற பேட்டரியும் கெட்டுப் போயிருக்கலாம். சும்மா இருக்கும்போது வோல்ட் காட்டுவது வேறு, 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது தாக்குப்பிடிப்பது வேறு. நம்மூர் வெயிலில் மூன்று நான்கு வருடம் ஓடிய பேட்டரிக்கு இது சகஜம். அதனால் செல்ஃப் அடிக்கும்போது அளக்க வேண்டும், அதற்கு இன்னொரு ஆள் தேவை. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் அளக்க நேரம் கிடைக்காது. எனவே பெட்ரோல் பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ (பம்புக்குக் கரன்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச் பெட்டி) கழற்றிவிடுங்கள். எது என்பது ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கப் படத்தில் இருக்கும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் மேலே. ஒருவர் மூன்று நான்கு விநாடி செல்ஃப் அடிக்க, மற்றவர் பேட்டரியின் பிளஸ், மைனஸ் என்ற இரண்டு தூண்களிலும் மீட்டர் முனையை வைத்துப் பார்க்க வேண்டும். அடித்தபின் ஒரு நிமிடமாவது மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள்.

இந்த மீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அளவைப் புதுப்பிக்கும். செல்ஃப் மோட்டார் அசைய ஆரம்பிக்கும் அந்த முதல் நொடித் துணுக்கில் வோல்ட் எவ்வளவு ஆழம் போகிறது என்பது இதில் தெரியவே தெரியாது. ஓட ஆரம்பித்த பிறகு நிலையாக நிற்கும் எண்ணைப் பாருங்கள். 10க்கு மேல் நின்றால் நிம்மதி. 9.6க்குக் கீழே போய், இன்ஜினும் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி பலவீனம், அல்லது சார்ஜ் இல்லை. சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

"டக்" என்று ஒரே சத்தம், பேட்டரியோ 12.5

இந்த மீட்டர் காசுக்கு மேல் வேலை செய்யும் இடம் இது. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது பேட்டரி தூணில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். "டக் டக் டக்" என்று விடாமல் அடித்து, வோல்ட் 7, 8 என்று விழுந்து விழுந்து எழுந்தால் பேட்டரிதான். ஒரே "டக்", வோல்ட்டும் 12.3க்குக் கீழே இறங்கவில்லை என்றால் கரன்ட் பேட்டரியை விட்டே கிளம்பவில்லை என்று பொருள். வழியில் எங்கோ தடை இருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டாருக்கு உள்ளேயே கான்டாக்ட் பிடிக்கவில்லை. இந்த நிலையில் பேட்டரி மாற்றுவது வீண் செலவு.

தடையைத் தேட மீட்டரை ஓம் ரேஞ்சிலோ கண்டினியூட்டியிலோ (வயர் அறுபடாமல் இருந்தால் "பீப்" அடிக்கும் இடம்) போட்டுக் கேபிளை அளப்பார்கள் பலர். "பீப்" அடித்ததும் கேபிள் நல்லது என்று விட்டுவிடுவார்கள். அது சரியான முறை அல்ல. சின்ன பெட்ரோல் காரின் செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிளில் வெறும் 0.01 ஓம் தடை சேர்ந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே காணாமல் போகும். இந்த மீட்டரோ அதன் சொந்த வயரைத் தொட்டாலே 0.5 ஓம் காட்டுகிற சாமான். கேபிளில் நூறு இழையில் தொண்ணூறு அறுந்து, பத்தே மிஞ்சியிருந்தாலும் "பீப்" அடிக்கும்.

சரியான வழி, செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் எந்த இடத்தில் தொலைகிறது என்று பார்ப்பது. 20 வோல்ட் ரேஞ்சிலேயே இருக்கட்டும். முதலில் எர்த் பக்கம், அதாவது பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் பாதை. கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் தூணில் வையுங்கள். தூணைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் அல்ல, நடுவில் தெரியும் ஈயத் தூணில். சிவப்பு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் அழுத்திப் பிடியுங்கள். சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் வந்தால் எர்த் சரி. 1 வோல்ட், 2 வோல்ட் என்று வந்தால் எர்த் கேபிள் அல்லது அதன் போல்ட். மைனஸ் கேபிள் பாடியில் சேரும் இடம், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் பட்டை, இந்த இரண்டு இடத்திலும் துரு பிடிக்கும். கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் பல கார்கள் அங்கேயே ஸ்டார்ட் ஆகிவிடும்.

அடுத்து பிளஸ் பக்கம். சிவப்பு முனை பேட்டரியின் பிளஸ் தூணில், கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் போல்ட்டில். செல்ஃப் அடிக்கும்போது 0.5க்குள் இருக்க வேண்டும். அதிகம் வந்தால் முனையைப் படிப்படியாக நகர்த்துங்கள்: தூணுக்கும் கிளாம்புக்கும் நடுவே, கிளாம்புக்கும் கேபிளுக்கும் நடுவே. தூணுக்கும் கிளாம்புக்கும் இடையில் 0.1க்கு மேல் வரவே கூடாது. வந்தால் டெர்மினல் பூத்திருக்கிறது, அல்லது லூஸ்.

ஒரு கணக்கு சொன்னால் விளங்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி தூண்களில் 11.2. அதே நேரம் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவே அளந்தால் 8.9. நடுவில் 2.3 வோல்ட்டைக் காணோம். பிளஸ் பக்கம் 0.3, எர்த் பக்கம் 2.0 என்று வந்தால் பேட்டரியும் மோட்டாரும் நிரபராதிகள், கெட்டது ஒரு எர்த் கேபிள்.

பூத்துப்போன டெர்மினலுக்கு வெந்நீரில் ஆப்பசோடா கலந்து ஊற்றித் தேய்த்தால் வெள்ளையும் பச்சையுமான படிவம் நுரைத்துக்கொண்டு கரையும். பேட்டரி மூடித் துளைகளுக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் போதும். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியாக மைனஸ். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும், பேட்டரி மேலே ஹைட்ரஜன் வாயு நிற்கும். மோதிரம், வளையல் போட்டிருந்தால் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள், முன்னால் அல்ல.

சத்தமே இல்லை என்றால்

டேஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, சாவி திருப்பினால் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் லீவரை நியூட்ரலில் வைத்து ஒரு தடவை முயன்று பாருங்கள். கியர் வண்டியில் கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் மாடலா என்று பாருங்கள். கிளட்ச் பெடல் மேலே இருக்கும் சின்ன சுவிட்ச் நகர்ந்து போவது உண்டு. அடுத்து செல்ஃப் ரிலே. அதே நம்பர் போட்ட வேறொரு ரிலே, உதாரணமாக ஹார்ன் ரிலே, இருந்தால் மாற்றிச் சொருகினால் பதில் கிடைக்கும்.

அப்படியும் இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரின் சாலினாய்டில் (மோட்டாருக்குக் கரன்டைத் திறந்துவிடும் பெரிய சுவிட்ச்) தடித்த கேபிளோடு ஒரு மெல்லிய வயரும் வந்து சேரும். அதில் சிவப்பு முனை, இன்ஜின் உலோகத்தில் கறுப்பு முனை. சாவியைத் திருப்பும்போது 10 வோல்ட்டுக்கு மேல் வந்து, செல்ஃப் அசையவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் போகலாம். எர்த் மட்டும் முன்பே பார்த்திருக்க வேண்டும். வோல்ட் வரவில்லை என்றால் சாவி சுவிட்ச், ரிலே, கிளட்ச் சுவிட்ச் என்று மேலே தேட வேண்டும், மோட்டாரைத் தொட வேண்டாம்.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் இந்த மீட்டரின் உதவி கொஞ்சம்தான். சாவி ஆன் செய்ததும் பின் சீட் பக்கம் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி "ம்ம்" என்று ஓடும் சத்தம் வருகிறதா, போர்டில் சாவிப் படம் சிமிட்டுகிறதா என்று காதாலும் கண்ணாலும் பாருங்கள். சாவிப் படம் சிமிட்டினால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு) சாவியை ஏற்கவில்லை. இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். பம்ப் சத்தம் இல்லையென்றால் அதன் ஃபியூஸை அளக்கலாம். அதற்கு மேல் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

ஸ்டார்ட் ஆன பிறகு

ஜம்ப் கேபிள் போட்டோ, தள்ளியோ ஸ்டார்ட் செய்தாயிற்று. அப்படியே விட்டுவிடாமல் பேட்டரியை மறுபடி அளங்கள். இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்து வைத்தால் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12.4லேயே நின்று மெல்ல இறங்கினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. 15ஐத் தாண்டினால் அந்த வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரியின் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். ஐடில் ஸ்டாப் வசதி (வண்டி நின்றால் இன்ஜின் தானாக அணைவது) உள்ள புதிய கார்களில் சார்ஜை கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும், 12.8 காட்டினாலும் பதற வேண்டாம். ஹெட்லைட்டும் பின்கண்ணாடி ஹீட்டரும் போட்டுவிட்டுப் பாருங்கள், ஏறிவிடும்.

எல்லாம் சரி, ஆனால் நான்கு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்பவர்களுக்குத்தான் அந்த 10 ஆம்பியர் துளை. இந்த மீட்டரின் ஆபத்தான இடமும் அதுதான். பெரும்பாலான பிரதிகளில் அதற்கு ஃபியூஸ் கிடையாது, முகப்பிலேயே அப்படி அச்சிட்டிருக்கும். மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் தூணுக்கும் நடுவே மீட்டரை இணைத்து அளக்கலாம். ஆனால் இணைத்திருக்கும்போது யாராவது சாவியைப் போட்டு செல்ஃப் அடித்தால் மீட்டர் வயர் உருகும். சிவப்பு வயரை அந்தத் துளையிலேயே மறந்து விட்டுவிட்டு அடுத்த முறை வோல்ட் அளக்கப் போனால் அது பேட்டரியை நேரே ஷார்ட் செய்வதற்குச் சமம்.

அதைவிட நல்ல வழி ஃபியூஸ் மேலேயே அளப்பது. வண்டியைப் பூட்டி, பானெட்டைத் திறந்தபடியே 30, 40 நிமிடம் விடுங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் போட்டு, ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொடுங்கள். கரன்ட் ஓடாத ஃபியூஸ் 0.0 காட்டும். 10 ஆம்பியர் மினி பிளேடு ஃபியூஸின் தடை ஏறக்குறைய 7 மில்லி ஓம். அதில் 0.7 மில்லிவோல்ட் வந்தால் சுமார் 100 மில்லிஆம்பியர் ஓடுகிறது. பேட்டரியைக் கழற்றாததால் ரேடியோ கோடு கேட்பது, பவர் விண்டோ செட்டிங் போவது போன்ற தொல்லையும் இல்லை. ஆனால் இந்த மீட்டரோடு வரும் முனை மொண்ணை, ஃபியூஸின் புள்ளிக்குள் இறங்காது. அரத்தால் கொஞ்சம் கூராக்கிக்கொள்ளுங்கள்.

மொத்தம் 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் சாதாரணம். அந்த அளவிலேயே நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி போகும். 35 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். அதனால் மாதக்கணக்கில் வண்டி எடுக்காதவர்கள் மைனஸைக் கழற்றி வைப்பதே நல்லது. 200, 300 என்று காட்டினால் வெளியில் மாட்டிய மியூசிக் சிஸ்டம், டேஷ் கேமரா, ஜிபிஎஸ் கருவி, டிக்கி விளக்கு என்ற வரிசையில் தேடுங்கள்.

கரன்ட் அளக்கும் வேலை அடிக்கடி வருகிறவர்கள் டிசி கிளாம்ப் மீட்டர் வாங்குவதே சரி. யூனி-டி யுடி210ஈ ஒரு மில்லிஆம்பியர் வரை காட்டும், கேபிளைக் கழற்ற வேண்டாம், சுற்றிக் கவ்வினால் போதும். விலைதான் பல மடங்கு. அதன் உச்சமும் 100 ஆம்பியர் என்பதால் செல்ஃப் இழுக்கும் கரன்டை அதிலும் அளக்க முடியாது.

டிடி-830டியை வீட்டு 230 வோல்ட் லைனில் வைக்காதீர்கள். முகப்பில் 750, 1000 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு அதற்குத் தக்கதல்ல. 12 வோல்ட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும்போதே கண்டினியூட்டியில் போட்டு இரண்டு முனையையும் ஒட்டவைத்து, வயரை முனைப் பக்கம் மடக்கி ஆட்டிப் பாருங்கள். "பீப்" விட்டு விட்டு வந்தால் வேறு பெட்டி கேளுங்கள். இந்த வயர் அறுவது எப்போதும் அந்தக் கழுத்தில்தான், வெளியே தெரியாது. நல்ல சிலிக்கான் வயர் ஒரு ஜோடி தனியாக விற்கிறார்கள். மீட்டர் விலையே ஆனாலும் அதைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். செல்ஃப் மோட்டார் வரைக்கும் எட்டுவதற்கு ஒரு மீட்டர் நீளமாவது இருக்கட்டும், ஒரு முனையில் முதலை கிளிப்பும் இருக்கட்டும்.